அத்தை ஏன் வாயைப் பொத்திச் சிரிக்கிறாங்க?

டிஸ்கி: நான் பல் டாக்டர் இல்லை. பொட்டி தட்டிப் பிழைக்கிறவன். பல்லைப் பத்தி இவ்வளவு நீளமா என்று ஓடிவிடாதீர்கள் மக்களே, முக்கால்வாசி சரித்திரம்தான் :-)

எங்க வீட்டுப் பீரோவில் அத்தையோட கல்யாண ஆல்பம் இருக்கு. 1999, பாளையம்பட்டி. அருப்புக்கோட்டையில இருந்து மதுரை ரோட்டுல கிளம்பினா பஸ்ல டிக்கெட் எடுத்து முடிக்கிறதுக்குள்ள வந்துடும் ஊர். மாமா முப்பத்திரண்டும் தெரியச் சிரிக்கிறார். அத்தை உதட்டை இறுக்கி மூடியிருக்காங்க. மாலை மாத்தும்போது, மெட்டி போடும்போது, பெரியவங்க காலில் விழுந்து எழுந்திரிக்கும்போது, எல்லாத்திலும் அப்படியே. பந்தியில் யாரோ கிண்டல் பண்ணின நேரத்தில் எடுத்த ஒரே ஒரு போட்டோவில் மட்டும் அடக்கமுடியாமல் சிரிச்சுட்டாங்க. அதிலும் வாய்க்கு மேல முந்தானை.

சின்ன வயசில் அதை வெக்கம்னு நினைச்சேன். கொஞ்சம் விவரம் தெரிஞ்சதும் அத்தை ரகசியமா புகையிலை போடுறாங்கன்னு நினைச்சேன். இரண்டுமே தப்பு.

அத்தைக்கு மேல்வரிசை முன்பல் நாலும் பழுப்பு. குறுக்கே கோடுகோடா ஓடும், நடுநடுவே சுண்ணாம்பு அடிச்ச மாதிரி திட்டு. பெண் பார்க்க வந்தவர்களில் இரண்டு வீட்டுக்காரர்கள் அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்களாம். அப்பத்தா இன்னும் அதை மறக்கலை. "பிள்ளை லட்சணமாத்தான் இருக்கு, ஆனா பல்லு வெளக்காது போலன்னு சொல்லிட்டுப் போனாகய்யா. காலையில வேப்பங்குச்சி, ராத்திரி சாம்பலு, எம்புட்டுத் தேய்ச்சிருக்கும் தெரியுமா அவ!"

பல்லு அழகா இல்லை என்றுகூட அவங்க சொல்லலை, பாருங்க. பல்லு விளக்காதவள்னு சொன்னாங்க. பல்லைப் பார்த்து ஆளோட குணத்துக்கு மார்க் போட்டாச்சு. இந்த வழக்கம் எங்க இருந்து வந்ததுன்னு தேடப் போனதுதான் இந்தப் பதிவு.

முதலில் நம்ம பாஷையைப் பாருங்க. முறுவல் என்றால் புன்னகை, எல்லாருக்கும் தெரியும். அகராதியைத் திறந்தால் முறுவலுக்குப் பல் என்றும் பொருள் இருக்கு. மூரல், அதுவும் அப்படியே, புன்னகையும்தான் பல்லும்தான். (சோறுக்கும் அதே பேர். பல்லுக்கும் சோத்துக்கும் ஒரே வார்த்தை வச்ச பெருமக்கள் நாம.) நகை என்றால் சிரிப்பு, பல், ஆபரணம், மூணும். அதாவது பல்லு வேற, சிரிப்பு வேற என்று நம்ம ஆட்கள் பிரிச்சே பார்க்கலை. சங்கப் பாட்டுகளில் பெண்களின் பல்லுக்கு வரும் உவமைகளில் எனக்குப் பிடிச்சது முருந்து. மயிலிறகோட அடிக்குருத்து. வெள்ளையா, பளபளப்பா, நுனி கூம்பி இருக்கும். மயில் இறகைப் புத்தகத்துக்குள்ள வச்சு குட்டி போடும்னு காத்திருந்த எல்லாரும் அதைப் பார்த்திருப்போம், பல்லு மாதிரி இருக்கேன்னு யாருக்கும் தோணினதில்லை. மத்தபடி முல்லை அரும்பு, முத்து. எல்லாமே வெள்ளை, எல்லாமே சின்னது, எல்லாமே வரிசை. புத்தருக்குச் சொல்லும் முப்பத்திரண்டு மகாபுருஷ லட்சணங்களிலும் பல் வருது: இடைவெளி இல்லாமல், சமமா, வெள்ளையா, மொத்தம் 40 பல். நமக்கு 32க்கே இடம் பத்தாமல் ஞானப்பல்லைப் பிடுங்க வேண்டியிருக்கு.

ஆக, தமிழனுக்கு எப்பவும் வெள்ளைப் பல்தான் அழகு என்று முடிச்சுடலாமா? அங்கதான் வெற்றிலை குறுக்கே வருது. வாய் சிவந்தால்தான் கல்யாணக் களை. நிச்சயத்துக்குப் பேரே நிச்சயதாம்பூலம். 1443ல் விஜயநகரத்துக்கு வந்த பாரசீகத் தூதர் அப்துர் ரசாக் வெற்றிலையின் மகிமையை விலாவாரியாப் புகழ்ந்து எழுதியிருக்கார். தினம் போட்டால் பல் சிவக்கும், வருஷக்கணக்கில் போட்டால் கறுக்கும். எங்க அப்பத்தாவுக்கு அப்படித்தான். அதை யாரும் அசிங்கம்னு சொன்னதில்லை. மகராசி, வெத்தலை போட்ட வாய்! (இப்போ கொட்டைப்பாக்கு புற்றுநோயை உண்டாக்கும் பொருட்களின் பட்டியலில் இருக்கு, அதனால யாரும் ஆரம்பிச்சுடாதீங்க.)

வடக்கேயும் தக்காணத்திலும் இன்னும் ஒருபடி மேலே. மிஸ்ஸி என்று ஒரு பொடி, இரும்பும் மாசிக்காய் மாதிரித் துவர்ப்புச் சரக்கும் சேர்ந்தது. பெண்கள் அதைப் பல்லிலும் ஈறிலும் வேணும்னே தேய்ச்சுக் கறுப்பாக்கிக்கொள்வார்கள். கறுப்புக்கு நடுவில் உதட்டுச் சிவப்பு தூக்கலாகத் தெரியும், அதுதான் அழகு. ஜப்பானில் இதே ரசாயனம், பேர் ஓஹகுரோ. இரும்புத்தூளைப் புளிச்ச காடியில் ஊறவைத்து, துவர்ப்புப் பொடி சேர்த்துப் பூசுவார்கள். கல்யாணமான பெண்ணுக்கும் பிரபுக்கள் வீட்டுக்கும் கறுப்புப் பல் மரியாதை. வெள்ளைக்காரன் வந்து முகம் சுளிக்க, 1870ல் அரசாங்கமே பிரபு குடும்பங்களுக்கு அதைத் தடை பண்ணினது. 1873ல் மகாராணி வெள்ளைப் பல்லோட வெளியே வந்தாங்க, அதுக்கப்புறம் நாட்டு வழக்கமும் மெல்ல மாறிப்போச்சு. பல நூறு வருஷ அழகு ஒண்ணு ஒரு தலைமுறையில் அசிங்கமாகிப்போச்சு.

நம்ம பக்கம் அப்படி உத்தரவு எதுவும் போடலை. கேமராவும் சினிமாவும் பற்பசை விளம்பரமும் சேர்ந்து மெதுவாப் பண்ணின வேலை இது. பழைய ஸ்டூடியோ படங்களில் யாரும் பல் தெரியச் சிரிக்க மாட்டார்கள், கவனிச்சிருக்கீங்களா? எங்க வட்டாரத்தில் பிறந்த உலகப் பிரசித்தி பெற்ற புன்னகை ஒண்ணு உண்டு. திருச்சுழியில் பிறந்த ரமண மகரிஷியோடது. 1946ல் வெல்லிங் எடுத்த அந்த முகம் மட்டும் உள்ள படத்தைப் பாருங்க, மூடின உதட்டிலேயே அத்தனை சிரிப்பு. அப்புறம் 1963ல் 'கற்பகம்' வந்தது, கே.ஆர்.விஜயா 'புன்னகை அரசி' ஆனார். அதுக்கும் பல வருஷம் கழிச்சு சினேகாவுக்குப் 'புன்னகை இளவரசி' பட்டம். சிரிப்புக்காகப் பட்டம் கொடுக்கிற ஊர் நாம. தியேட்டர் திரையில் ஒரு பல் ஓராள் உசரம் இருக்கும்போது, அதுல சின்னக் கறை இருந்தாலும் கடைசி வரிசைக்குத் தெரியுமே! நிச்சயதாம்பூலத்துக்கு வெற்றிலையும் வேணும், பெண்ணுக்குப் பற்பசை விளம்பரப் பல்லும் வேணும் என்கிற நிலைமைக்கு வந்துட்டோம்.

டாக்டர்களும் அளவுகோலோட வந்தாங்க. 1970களில் பல் அகலங்களுக்குத் தங்க விகிதம், 1.618, என்று ஒரு கணக்கு பிரபலமாச்சு. எஞ்சினியர்களுக்கு இந்த எண்ணைப் பார்த்தாலே புல்லரிக்கும், எனக்கும்தான். 1993ல் பிரெஸ்டன் என்பவர் நிஜமான பற்களை அளந்து பார்த்தார். நடு வெட்டுப்பல்லுக்கும் பக்கத்துப் பல்லுக்கும் அந்த விகிதம் இருந்தது 17 சதவீதம் பேருக்குத்தான். தங்கம் தகரமாயிடுச்சு. இதைவிட சுவாரசியம், 1999ல் (அத்தை கல்யாண வருஷம்!) அமெரிக்காவில் கோகிச்சும் கூட்டாளிகளும் செஞ்சது. சிரிக்கும் படங்களில் பல்லைக் கொஞ்சம் கொஞ்சமா மாத்தி, கம்பி கட்டும் ஆர்த்தோடான்டிஸ்ட், சாதாரணப் பல் டாக்டர், நம்மள மாதிரி பொதுஜனம், மூணு கூட்டத்துக்கும் காட்டினார்கள். பல் வரிசையின் நடுக்கோடு 4 மில்லிமீட்டர் நகர்ந்தபிறகுதான் ஆர்த்தோடான்டிஸ்டுக்கே உறுத்தியிருக்கு. மத்த இரண்டு கூட்டமும் அப்பவும் கண்டுக்கலை! சிரிச்சால் ஈறு தெரிவதில் ஆர்த்தோடான்டிஸ்டுகள் 2 மில்லிமீட்டருக்கே குறை சொல்ல, மத்தவங்களுக்கு 4 மில்லிமீட்டர் தேவைப்பட்டது.

வடிவத்தில் இவ்வளவு விட்டுக்கொடுக்கிறோம். தெத்துப்பல்லுன்னா நமக்கு ஒரு தனிப் பிரியமே உண்டு. முன்பல்லில் சந்து இருந்தால் அதிர்ஷ்டம்னு சொல்லுவோம். நிறத்தில்தான் தயவு தாட்சண்யம் கிடையாது. கோணல் பல்லை பிறவின்னு மன்னிக்கிறோம், கறைப் பல்லை அவங்கவங்க செஞ்ச தப்புன்னு எடுத்துக்கிறோம். 1993ல் ஆஸ்திரேலியாவில் ரியோர்டன் என்பவர் செய்த ஆய்வு இதை அப்படியே சொல்லுது. பொதுஜனங்களும் பல் துறைக்காரர்களும் பிள்ளைகளின் பல்லைப் பார்த்துக் கருத்துச் சொன்னார்கள். கறையும் திட்டும் கூடக் கூட, 'இந்தப் பிள்ளைக்குச் சங்கடமா இருக்கும்' என்ற எண்ணம் மட்டும் கூடலை, 'இது ஒழுங்கா பல்லைக் கவனிக்கலை' என்ற எண்ணமும் சேர்ந்து கூடியது. பெர்த் நகரமா இருந்தா என்ன, பாளையம்பட்டியா இருந்தா என்ன.

அந்தப் பிள்ளைகளின் கறைக்கு என்ன காரணம்? அத்தைக்கு இருக்கிற அதே காரணம். தண்ணி.

இந்த விஷயம் கண்டுபிடிக்கப்பட்டது ஒரு துப்பறியும் கதை. 1901ல் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஊருக்குத் தொழில் பார்க்க வந்த இளம் பல் டாக்டர் பிரெடரிக் மெக்கே, ஊர்ப் பிள்ளைகளில் பல பேருக்குப் பழுப்புப் பல் இருப்பதைப் பார்த்தார். எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஊர்க்காரர்களோ பன்னிக்கறி தின்றதால் என்றார்கள், கெட்டுப்போன பால் என்றார்கள். அந்தக் காலத்தில் பல் மருத்துவத்துக்கே பிதாமகரான ஜி.வி.பிளாக் 1909ல் வந்து பார்த்து அசந்துபோனார். அவங்க இன்னொண்ணும் கவனிச்சாங்க, கறைப் பல் சொத்தையாவது குறைவு. இதை மறந்துடாதீங்க, பின்னால வரும்.

மெக்கே விடலை. 1923ல் ஐடஹோ மாநிலத்து ஓக்லி என்ற சின்ன ஊருக்குப் போனார். தூரத்து வெந்நீர் ஊற்றிலிருந்து ஊருக்குப் புதுசா குழாய் போட்ட பிறகுதான் பிள்ளைகள் பல்லில் கறை வருதுன்னு தாய்மார்கள் சொன்னார்கள். அவர் தண்ணியைச் சோதிச்சார், ஒண்ணும் கிடைக்கலை. ஆனாலும் அந்தக் குழாயை விட்டுட்டு வேற ஊற்றுக்கு மாறுங்கன்னார். மாறினாங்க. சில வருஷத்தில் புதுசா முளைச்ச பற்கள் சுத்தமா இருந்தது! என்ன பிழைன்னு தெரியாமலே சர்வரை மாத்திப் பிரச்சினையைத் தீர்த்துட்டார். நம்ம ஆளு!

காரணம் 1931ல் கிடைச்சது. அர்க்கன்சாவில் பாக்சைட் என்று அலுமினியக் கம்பெனி அல்கோவாவின் ஊர். அங்கேயும் பிள்ளைகளுக்குக் கறை. பழி அலுமினியப் பாத்திரத்து மேல விழுந்துடுமோன்னு பயந்த கம்பெனியின் தலைமை ரசாயனர் சர்ச்சில், தண்ணியை நுணுக்கமாச் சோதிச்சார். ஃபுளோரைடு. அப்புறம் அமெரிக்க அரசு பொதுச் சுகாதாரத் துறையின் டிரெண்ட்லி டீன் ஊர் ஊரா எண்ணிக் கணக்கு எடுத்தார். லிட்டருக்கு 1 மில்லிகிராம் அளவில் இருந்தால் சொத்தை குறையும், கறை பெருசா வராது. அளவு கூடக் கூடக் கறை. அதை வச்சு 1945ல் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரத் தண்ணியில் ஃபுளோரைடைக் கலக்கவே ஆரம்பிச்சுட்டாங்க.

அங்கே கலந்தார்கள். இங்கே ஏற்கனவே கலந்துதான் இருந்தது, அளவு தாண்டி. 1937லேயே மெட்ராஸ் மாகாணத்தில் இதைக் கண்டுபிடிச்சுட்டாங்க என்பதுதான் எனக்கு ஆச்சரியம். கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டின் ஷார்ட், பண்டிட், ராகவாச்சாரி மூணு பேரும் அப்போ மாகாணத்தில் இருந்த நெல்லூர் ஜில்லா கிராமங்களை ஆராய்ஞ்சு எழுதினார்கள். அங்கே பல் கறை சின்ன விஷயம். முதுகெலும்பு இறுகி, குனியவும் நிமிரவும் முடியாமல் போன மனுஷர்கள் இருந்தார்கள். (அந்த பண்டிட்தான் பின்னாளில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலுக்கு முதல் இயக்குநரானார்.) அதாவது அத்தையைப் பெண் பார்க்க வந்தவர்கள் 'பல்லு வெளக்காது'ன்னு சொல்லும்போது, அது பொய்னு சொல்லும் ஆராய்ச்சி நம்ம மாகாணத்திலேயே அச்சாகி 62 வருஷம் ஆகியிருந்தது.

எப்படி வருதுன்னா, நிலைப்பல் முளைக்கிறது ஆறு ஏழு வயசில். ஆனால் முன்பல்லோட எனாமல் ஈறுக்குள்ளேயே தயாராகிறது பெரும்பாலும் முதல் மூணு நாலு வருஷத்தில். அந்த நேரத்தில் உடம்பில் ஃபுளோரைடு அதிகம் இருந்தால், எனாமல் உறையும்போது வெளியேற வேண்டிய புரதம் சரியா வெளியேறாது. எனாமலில் நுண்ணுண் துளைகள் தங்கிடும். பல் முளைக்கும்போது சுண்ணாம்பு வெள்ளையாத்தான் வரும், பிறகு அந்தத் துளைகளில் சாயம் ஏறி ஏறிப் பழுப்பாகும். கறை பல்லு மேல இல்லை, பல்லுக்குள்ள. வேப்பங்குச்சியும் சாம்பலும் என்ன பண்ணும்?

இப்போ எங்க வீட்டுக் கதைக்கு வர்றேன். அப்பாவும் அத்தையும் பிறந்தது திருச்சுழிப் பக்கம் ஒரு கிராமம். அப்பா பிறந்தது 1967, அத்தை 1979. ஒரே வீடு, ஒரே கம்பங்கஞ்சி, ஒரே வேப்பமரத்துக் குச்சி. அப்பாவுக்குப் பல் வெள்ளை. அத்தைக்குப் பழுப்பு. அப்பத்தாவுக்கு இது தீராத ஆச்சரியம். அவங்ககிட்ட துருவித் துருவிக் கேட்டேன், அப்பா சின்னப் பிள்ளையா இருந்தப்போ எந்தத் தண்ணி குடிச்சீங்கன்னு.

"ஊருணித் தண்ணிதான்ய்யா. தேத்தாங்கொட்டை ஒரசி விட்டா கண்ணாடி கணக்கா தெளிஞ்சுரும். அத்தை வயித்துல இருக்கும்போதுதான் தெருமுக்குல பம்பு போட்டாக. ஊருணிக்கு நடக்க வேண்டாம்னு அம்புட்டுப் பேருக்கும் சந்தோசம்."

மக்களே, ஓக்லி ஊர்க் கதை எங்க வீட்டுக்குள்ளேயே நடந்திருக்கு!

ஊருணி என்பது குடிக்க மட்டும் வச்சிருக்கும் குளம். கால் நனைக்கக்கூட விடமாட்டார்கள். மழைத்தண்ணி தரைக்கு மேலேயே கிடக்கும், பாறையைக் கரைக்க அதுக்கு நேரமில்லை. போர் தண்ணி அப்படி இல்லை. கரிசலுக்குக் கீழே இருக்கிற கெட்டிப் பாறையின் வெடிப்புகளில் வருஷக்கணக்கா உட்கார்ந்து, ஃபுளோரைடைக் கரைச்சு எடுத்துக்கிட்டு மேல வருது. வெயில் ஊர் வேற, குடிக்கும் அளவும் அதிகம். மத்திய நிலத்தடி நீர் வாரியம் ஃபுளோரைடு கூடுதலா இருக்கும் இடங்கள் உள்ள மாவட்டங்கள்னு போட்டிருக்கும் பட்டியலில் விருதுநகரும் உண்டு. குடிநீருக்கான இந்தியத் தர அளவு லிட்டருக்கு 1 மில்லிகிராம், வேற வழி இல்லைன்னா 1.5 வரை. காய்ச்சினாலும் போகாது, தண்ணி சுண்டி அளவு கூடத்தான் செய்யும்.

பம்பைத் திட்ட எனக்கு மனசு வரலை. 1970களின் பின்பாதியில் யுனிசெஃப் உதவியோட இந்தியா மார்க் 2 பம்பு ஊர் ஊராப் போனது காலராவையும் வயிற்றுப்போக்கையும் நிறுத்தத்தான். திறந்த குளத்திலும் படிக்கிணற்றிலும் தண்ணி குடிச்சவங்களுக்கு நரம்புச்சிலந்தி வரும். காலில் கொப்புளம் கிளம்பி, அதுக்குள்ள இருந்து முழநீளப் புழுவைக் குச்சியில் சுத்தி நாள்கணக்கா வெளியே இழுக்கணும். அந்த நோய் இந்தியாவில் ஒழிஞ்சதுன்னு உலக சுகாதார நிறுவனம் 2000ல் சான்றிதழ் கொடுத்ததில் இந்தப் பம்புக்கும் பங்கு உண்டு. அத்தை அந்தப் பம்புத் தண்ணி குடிச்சதாலதான் உயிரோட இருக்காங்கன்னுகூடச் சொல்லலாம். போர் போடும்போது தண்ணி வருதான்னு பார்த்தாங்க, அதில் என்ன இருக்குன்னு பார்க்கலை. பார்த்திருக்கணும். 1937லேயே கிண்டியில் ஆட்களுக்குத் தெரியுமே!

பெண் பார்க்க வந்து போனவர்கள் மேலயும் இப்போ பெரிய கோபம் இல்லை. நானே அத்தையைப் புகையிலைக் கேஸுன்னு நினைச்சவன்தானே. மூணாவதா வந்த மாமா எதுவும் கேட்கலையாம். அவருக்கும் திருச்சுழிப் பக்கம்தான் அம்மா வீடு, இந்த மாதிரிப் பல்லை அவர் நிறையப் பார்த்திருக்கார்.

நாலு வருஷம் முன்னால அத்தையை ஒரு பல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். முதலில் பார்த்த பையன், "வெத்தலை பாக்கு நிறுத்துங்கம்மா, ஸ்கேலிங் பண்ணலாம்"னு ஆரம்பிச்சான். அத்தை வழக்கம்போல முந்தானையை எடுத்தாங்க. பெரிய டாக்டரம்மா வந்து ஒரு நிமிஷம் பார்த்துட்டு, "எந்த ஊரும்மா நீங்க? சின்ன வயசுல போர் தண்ணியா?"ன்னு மட்டும் கேட்டாங்க. அத்தைக்குக் கண்ணு கலங்கிடுச்சு. நாற்பது வருஷத்தில் பல்லைப் பார்த்துட்டு, விளக்குறியான்னு கேட்காமல் ஊரைக் கேட்ட முதல் ஆள் அவங்கதான். லேசான கறைன்னா மேலாப்பில் சுரண்டி எடுக்கலாம், ஆழமானதுக்கு மேலே பூசணும் இல்லை வெனீர் ஒட்டணும்னு சொன்னாங்க. விலையைக் கேட்டதும் அத்தை, "இந்தக் காசுக்கு பிள்ளைக்கு ரெண்டு வளையல் எடுத்துருவேன்"னு எழுந்திரிச்சுட்டாங்க.

அந்தப் பிள்ளை, அதாவது அத்தை மகள், வளர்ந்தது குழாயில் வந்த ஆத்துத்தண்ணியில். பல்லு முல்லை அரும்பேதான். (முறைப்பொண்ணு, ஆனால் இந்தப் பதிவு அதைப் பத்தி இல்லை, பின்னூட்டத்தில் ஆரம்பிச்சுடாதீங்க.) போன வைகாசியில் அவளுக்கு நிச்சயம் நடந்தது. போட்டோகிராபர் பையன் எல்லாரையும் நிற்க வச்சு, "பல்லு தெரியச் சிரிங்க, அத்தை நீங்களும்"னான். அத்தை கை தானா மேல வந்தது. மகள் பிடிச்சு இறக்கிட்டா. க்ளிக்.

ஒரு வாரம் கழிச்சுப் போட்டோ போனுக்கு வந்தது. எடிட்டிங்கில் எல்லார் பல்லையும் ஒரே வெள்ளையாக்கியிருந்தான். அப்பா, மாமா, மாப்பிள்ளை வீட்டு ஆட்கள், அத்தை, எல்லாருக்கும் ஒரே பல். அத்தை போனை வாங்கி, ரெண்டு விரலால் விரிச்சு, தன் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தாங்க.

"ஏய்யா, இது யாரு பல்லு?"ன்னு கேட்டுட்டுச் சிரிச்சாங்க. வாயைப் பொத்திக்கிட்டுத்தான்.